மறுமுனையில் யாரோ பேசுகிறார்கள்

எங்கள் வீட்டில் டெலிபோன் வைத்த புதிதில், அது அடித்தால் வீடே எழுந்து நிற்கும். எடுப்பது அப்பாதான். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பார். "ம்." "எப்போ?" "பக்கத்துல யாரு இருந்தா?" "சரி, கிளம்பறோம்." தாத்தா இறந்த செய்தி இப்படித்தான் எங்களுக்கு வந்தது. யாரும் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. அப்பா "எப்போ?" என்று கேட்டதுமே அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மறுமுனையில் பேசிய சித்தப்பாவின் குரல் எங்கள் யார் காதிலும் விழவில்லை. ஆனாலும் அவர் சொன்னதெல்லாம் எங்களுக்குக் கேட்டது.

இதைப் பல வருஷம் நான் யோசித்துப் பார்த்ததில்லை. பாப் நியூஹார்ட்டைக் கேட்ட பிறகுதான் யோசித்தேன்.

நியூஹார்ட் அமெரிக்கர். ஸ்டாண்ட்-அப் காமெடியன், சிட்காம் எனப்படும் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களின் நடிகர். 2024 ஜூலை 18 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் தன் 94ஆவது வயதில் இறந்தார். நம்மில் பலருக்கு அவரை 'தி பிக் பேங் தியரி' தொடரில் புரொஃபஸர் புரோட்டானாக வந்த தாத்தாவாகத்தான் தெரியும். எனக்கும் முதலில் அப்படித்தான். அந்தத் தாத்தா வாயைத் திறப்பதற்கு முன்பே நான் ஏன் சிரித்துவிடுகிறேன் என்று புரியாமல், அவருடைய பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிப் போனேன். அங்கே கிடைத்தது கார் ஓட்டக் கற்றுத்தரும் வாத்தியார்.

அந்தத் துண்டு எப்படி என்றால், ஒரு டிரைவிங் பயிற்சியாளர் ஒரு பெண்மணியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெண்மணிக்கு முன்பு கற்றுக்கொடுத்தவர் ஆடம்ஸ் என்பவர். இவர் அவருக்குப் பதிலாக வந்திருக்கிறார். நமக்குக் கேட்பது இவர் குரல் மட்டும்தான். ஆடம்ஸ் காரிலிருந்து குதித்தபோது வண்டி எவ்வளவு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது என்று விசாரிக்கிறார். ஓர் இடைவெளி. எழுபத்தைந்து மைல். அது எந்த இடத்தில்? இன்னோர் இடைவெளி. உங்கள் வீட்டு வாசலிலேயா. சரி, ஆடம்ஸ் பாடத்தில் எதுவரைக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்? இடைவெளி. வண்டியைப் பின்னால் எடுப்பதுவரைக்கும்.

குரல் உயரவே இல்லை. பயந்துபோன ஒரு மனிதர் மரியாதையை விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண்மணி ஒரு வார்த்தை பேசவில்லை, அவர் எப்படி இருப்பார் என்று யாரும் வர்ணிக்கவில்லை. ஆனால் எனக்கு அவரைத் தெரியும். ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடி, தன் மேல் ஒரு தப்பும் இல்லை என்ற நிச்சயத்தோடு பதில் சொல்கிற பெண்மணி. அவரை உண்டாக்கியது அந்த இடைவெளிகள்தான்.

அன்றிரவு அந்த ஒரு துண்டை மட்டும் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். ஐந்தாவது தடவைக்கு மேல் அவர் பேச்சைக் கவனிப்பதை விட்டுவிட்டு, பேசாத இடங்களை மட்டும் கவனித்தேன். ஒவ்வோர் இடைவெளியும் ஓர் அளவில் இருக்கிறது. எண்ணைச் சொல்லவேண்டிய பதிலுக்குக் குட்டி இடைவெளி, நடந்ததை விளக்கவேண்டிய பதிலுக்குக் கொஞ்சம் நீளம். மறுமுனையில் இருப்பவர் உண்மையாகவே பேசி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் இவர் காத்திருக்கிறார். ஒரு கணம் முந்திக்கொண்டால் அந்தப் பக்கம் ஆளே இல்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கணம் பிந்தினால் நம் கவனம் வேறெங்கோ போய்விடும். நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்வார்கள். இவர் வசனத்தைப் போலவே மௌனத்தையும் மனப்பாடம் செய்திருக்கிறார் என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஆனால் அவர் மேடைக்காக வளர்ந்தவரே இல்லை. 1929 செப்டம்பர் 5 அன்று சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில் பிறந்தார். சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகத்தில் 1952இல் வணிகவியல் பட்டம். கொரியப் போர்க் காலத்தில் கட்டாய ராணுவ சேவை. அதையும் அமெரிக்காவுக்குள்ளேயே அலுவலக வேலையாகப் பார்த்துவிட்டு 1954இல் வெளியே வந்தார். சட்டம் படிக்கச் சேர்ந்து பாதியில் விட்டார். பிறகு கணக்கர் வேலை. அந்த நாட்களைப் பற்றி அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். சில்லறைக் கணக்கு ஒன்றிரண்டு டாலர் உதைத்தால், மணிக்கணக்கில் உட்கார்ந்து தேடுவதற்குப் பதில் தன் பையிலிருந்தே போட்டுச் சரிக்கட்டிவிடுவாராம். இரண்டு டாலருக்காக இரண்டு மணி நேரம் சம்பளம் கொடுத்துத் தேடவைப்பதைவிட இது லாபம்தானே என்பது அவர் வாதம். கணக்கர் வேலை அவருக்கு ஒத்துவராது என்று அங்கிருந்தவர்களுக்குப் புரிந்திருக்கும். ஆனால் அந்த வாதத்தின் தொனியைப் பாருங்கள். மேலதிகாரிக்கு முன்னால் நின்று மரியாதையாக, நிதானமாக, முழுக்க முழுக்கத் தப்பான ஒன்றை நியாயப்படுத்தும் மனிதன். பிறகு அவர் மேடையில் செய்த பாத்திரங்களில் பாதிப் பேர் இந்த மனிதன்தான்.

1958இல் சிகாகோவில் ஒரு படத் தயாரிப்பு நிறுவனத்தில் விளம்பர வாசகம் எழுதும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே உடன் வேலை பார்த்தவர் எட் காலகர். இருவரும் பொழுதுபோக்காக ஒருவரையொருவர் தொலைபேசியில் கூப்பிட்டு அபத்தமான உரையாடல்களை நடத்துவார்கள். அவற்றைப் பதிவுசெய்து வானொலி நிலையங்களுக்கு அனுப்பினார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. காலகர் நியூயார்க்குக்கு வேலை மாறிப் போய்விட்டார்.

இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். இரண்டு பேர் பேசும் நகைச்சுவையில் ஒருவர் போய்விட்டார். வேறொரு ஆளைத் தேடுவதுதான் வழக்கம். நியூஹார்ட் தேடவில்லை. போனவரின் இடத்தைக் காலியாகவே வைத்துக்கொண்டு, தன் பாதியை மட்டும் பேசினார். இன்று அவருடைய முத்திரை என்று எல்லோரும் சொல்லும் பாணி, ஒரு நண்பன் விட்டுப்போன காலி இடம்தான்.

ஒரே முனை மட்டும் கேட்கும் தொலைபேசி நகைச்சுவையை அவர் கண்டுபிடித்தார் என்று சொல்லக்கூடாது. அவருக்கு வெகு முன்பே ஜார்ஜ் ஜெசல் மேடையில் தன் அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சிரிக்கவைத்திருக்கிறார். நியூஹார்ட்டுக்குச் சற்று முன்னால் ஷெல்லி பெர்மன் அதே பாணியில் புகழ் பெற்று, 1959இல் வெளியிட்ட ஆல்பத்துக்கு கிராமி விருதும் வாங்கினார். தன் பாணியை நியூஹார்ட் எடுத்துக்கொண்டார் என்ற மனக்கசப்பு பெர்மனுக்குக் கடைசிவரை இருந்தது. அந்தக் கசப்பை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. பெர்மனைக் கேட்டால் நரம்பு புடைக்கப் பேசும் ஒரு தவிப்பு தெரியும், நல்ல கலைஞர். ஆனால் இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பெர்மன் பேசும்போது நாம் பெர்மனைக் கவனிக்கிறோம். நியூஹார்ட் பேசும்போது மறுமுனையைக் கவனிக்கிறோம். என் காதுக்கு அந்த வித்தியாசம் பெரியது.

சிகாகோ வானொலியில் டான் சோர்கின் என்ற அறிவிப்பாளர்தான் இவருடைய டேப்பை வார்னர் பிரதர்ஸ் ரெக்கார்ட்ஸ்காரர்களின் காதில் போட்டவர். 1958இல் தொடங்கிய கம்பெனி, அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு டேப் பிடித்துப்போனது. அடுத்து எந்த கிளப்பில் நிகழ்ச்சி, அங்கேயே வந்து பதிவுசெய்துகொள்கிறோம் என்றார்கள். நியூஹார்ட் அதுவரை எந்த கிளப் மேடையிலும் ஏறியதே இல்லை. 1960 பிப்ரவரியில், டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் டைட்லாண்ட்ஸ் என்ற இடத்தில் அவர் முதல்முறையாக மேடை ஏறியபோது பதிவுக் கருவியும் ஓடிக்கொண்டிருந்தது. இருந்த சரக்கையெல்லாம் செய்து முடித்துக் கீழே இறங்கினார். கைதட்டல் நிற்கவில்லை. திரும்பப் போ என்றார்கள். வேறொன்றும் கைவசம் இல்லை. அதனால் மேடைக்குத் திரும்பி, எதை மறுபடி கேட்க விரும்புகிறீர்கள் என்று பார்வையாளர்களிடமே கேட்டதாக அவர் பிறகு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பதிவு 'தி பட்டன்-டவுன் மைண்ட் ஆஃப் பாப் நியூஹார்ட்' என்ற பெயரில் வந்தது. அமெரிக்க இசைத்தட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் முதலிடத்தைப் பிடித்த முதல் நகைச்சுவை ஆல்பம் இதுதான். 14 வாரம் அங்கே இருந்தது. 1961 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதுக்கு ஃபிராங்க் சினாட்ராவும் நாட் கிங் கோலும் போட்டியில் இருந்தார்கள். விருது கிடைத்தது இந்தப் பேச்சுத் தட்டுக்கு. சிறந்த புதுமுகம் விருதும் இவருக்கே. அடுத்த ஆல்பத்துக்கு நகைச்சுவைப் பிரிவில் இன்னொன்று. ஒன்றிரண்டு வருஷத்துக்கு முன்பு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தவர்.

அந்த ஆல்பத்தில் லிங்கன் துண்டு ஒன்று உண்டு. உள்நாட்டுப் போரின்போது ஜனாதிபதி லிங்கன் ஆற்றிய புகழ்பெற்ற கெட்டிஸ்பர்க் உரைக்கு முன்னால், அவருடைய விளம்பர ஆலோசகர் அவருக்கு ஃபோன் போடுகிறார். ஆலோசகரின் குரல் மட்டும் கேட்கிறது. லிங்கன் தாடியை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறார் போலிருக்கிறது. பேச்சை டைப் அடித்து வைத்திருக்கிறார் போலிருக்கிறது. கவரின் பின்பக்கத்தில் எழுதவேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம் என்று ஆலோசகர் அலுத்துக்கொள்கிறார். 'நான்கு இருபதும் ஏழும் வருடங்களுக்கு முன்' என்ற உரையின் புகழ்பெற்ற தொடக்கத்தை லிங்கன் வெறும் 87 வருடம் என்று மாற்றிவிட்டார் என்று தெரிந்ததும், ஐயோ அதுதானே ஆளை இழுக்கும் வரி என்று பதறுகிறார். தொலைக்காட்சி அரசியல் பிடித்துக்கொண்ட 1960இல், ஒரு பழைய விளம்பர எழுத்தாளர் அந்தத் தொழிலின் உள்ளிருந்து எழுதியது இது. இன்று கேட்டால் அதில் ஒரு தூசு கூடப் படியவில்லை. லிங்கனைக் கேலி செய்யவும் இல்லை. அந்தப் பக்கம் ஒரு நேர்மையான, கொஞ்சம் குழம்பிய பெரிய மனிதர் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதை நாம் உணர்கிறோம். அவர் மேல் நமக்குப் பிரியம் வந்துவிடுகிறது. யாரையும் சிறுமைப்படுத்தாமல் வயிறு வலிக்கச் சிரிக்கவைக்க முடியும் என்று நான் நம்புவதற்கு இந்த ஆறேழு நிமிடம்தான் காரணம்.

1961இல் என்பிசி தொலைக்காட்சி அவருக்கு ஒரு பல்சுவை நிகழ்ச்சி கொடுத்தது. தொலைக்காட்சிக்கான எம்மி விருதும், ஒலிபரப்புத் துறையின் பீபடி விருதும் வாங்கிய அந்த நிகழ்ச்சி ஒரே சீசனில் நின்றுபோனது. அதன் பிறகு பத்து வருஷம் கிளப்புகள், சில படங்கள், ஜானி கார்சன் நடத்திய இரவு நேரத் தொலைக்காட்சிப் பேட்டி நிகழ்ச்சி. கார்சன் விடுப்பில் போகும் நாட்களில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நடத்தியது, காலப்போக்கில் 87 தடவை. லிங்கன் துண்டில் வரும் அதே எண். எனக்கு இந்தப் பொருத்தம் மிகவும் பிடிக்கும்.

1972இல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'தி பாப் நியூஹார்ட் ஷோ' தொடங்கியது. தொலைபேசியில் ஒரு பாதியை மட்டும் பேசிப் பெயர் வாங்கிய ஆளை வைத்து சிட்காம் எடுப்பது எப்படி? சிட்காமில் எல்லோரும் கண்ணுக்குத் தெரிவார்கள், எல்லோரும் பேசுவார்கள். தொடரை உருவாக்கிய டேவிட் டேவிஸும் லொரென்ஸோ மியூசிக்கும் அவருக்குக் கொடுத்த பாத்திரம், சிகாகோவில் தொழில் நடத்தும் உளவியலாளர் பாப் ஹார்ட்லி. காலை முதல் மாலை வரை மற்றவர்கள் சொல்வதைக் கேட்பதுதான் அவர் வேலை. இதைவிடப் பொருத்தமான முடிவு சிட்காம் வரலாற்றில் அதிகம் இருக்காது.

அந்த எபிசோடுகளைப் பார்க்கும்போது, நகைச்சுவை வரி யாருக்குப் போகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் மற்றவர்களுக்கு. கார்லின் என்ற நோயாளிக்கு, பக்கத்து வீட்டு ஹோவர்டுக்கு, வரவேற்பாளர் கேரலுக்கு. அவர்கள் பேசும்போது கேமரா பாப் பக்கம் திரும்புகிறது. அவர் கண் சிமிட்டுகிறார். எதையோ சொல்ல வாயெடுத்து விட்டுவிடுகிறார். ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளர்கள் அந்த இடத்தில்தான் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மேடையில் தனியாக நின்றபோது, இல்லாத ஆளை இருப்பதுபோல் காட்டிய அதே காத்திருப்பு, இங்கே இருக்கிற ஆளைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. தன் பெயர் தாங்கிய தொடரில் தன்னைவிட மற்றவர்களைப் பளிச்சிட விட்ட மூத்த காமெடியன் ஜாக் பென்னியை நியூஹார்ட் மதித்தார். பென்னியின் டைமிங்கோடு அந்தப் பெருந்தன்மையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மனைவி எமிலியாக நடித்தவர் சூசன் பிளெஷெட். கார்சன் நிகழ்ச்சியில் அவரும் நியூஹார்ட்டும் பேசிக்கொண்டதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்களாம். எமிலி கணவனுக்குச் சமமாக, சில நேரம் அவனைவிடக் கூர்மையாகப் பேசுவாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அது நியூஹார்ட் போட்ட நிபந்தனை. அசட்டு அப்பாவைக் கெட்டிக்காரப் பிள்ளைகள் காப்பாற்றும் கதையில் அவருக்கு விருப்பமில்லை. பிற்பாடு எழுத்தாளர்கள் எமிலி கர்ப்பமாக இருப்பதாக ஒரு ஸ்கிரிப்டை அனுப்பினார்கள். நன்றாக இருக்கிறது, பாப் பாத்திரத்துக்கு யாரைப் போடப்போகிறீர்கள் என்று கேட்டாராம். தொடர் குழந்தையில்லாமலே 1978 வரை 142 எபிசோடுகள் ஓடியது.

அவருடைய திக்கலைப் பற்றிச் சொல்லவேண்டும். இயல்பிலேயே அவர் பேச்சு தயங்கித் தயங்கித்தான் வரும். நேரம் மிச்சமாகும், அந்தத் திக்கலைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று ஒரு தயாரிப்பாளர் கேட்டதாகவும், இந்தத் திக்கல்தான் பெவர்லி ஹில்ஸில் எனக்கு வீடு வாங்கிக் கொடுத்தது என்று அவர் பதில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. சிரித்துவிட்டுப் போகிற பதில்தான். ஆனால் அதில் உண்மை இருக்கிறது. அந்தத் தயக்கத்தில் ஒரு மனிதன் மறுபக்கம் சொன்னதை உள்ளே வாங்கிக்கொள்வது நமக்குக் கேட்கிறது. அதை வெட்டியிருந்தால் வரிகள் மட்டும் மிஞ்சியிருக்கும்.

1982இல் இரண்டாவது தொடர், 'நியூஹார்ட்'. வெர்மான்ட் மாநிலத்தில் பழைய விடுதி ஒன்றை நடத்தும் எழுத்தாளர். எட்டு சீசன், 184 எபிசோடுகள். 1990 மே 21 அன்று ஒளிபரப்பான கடைசி எபிசோடைப் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். விடுதிக்காரரின் தலையில் ஒரு கோல்ஃப் பந்து வந்து அடிக்கிறது. இருட்டு. விளக்கு எரிகிறது. படுக்கையில் நியூஹார்ட். பக்கத்தில் யாரோ போர்த்திப் படுத்திருக்கிறார்கள். விசித்திரமான கனவு கண்டேன் என்று அவர் எழுப்புகிறார். திரும்புவது சூசன் பிளெஷெட். எட்டு வருஷத் தொடர் முழுவதும், முந்தைய தொடரின் பாப் ஹார்ட்லி கண்ட கனவு. இது கசிந்துவிடக்கூடாது என்று போலி முடிவு ஒன்றை எழுதிப் பரப்பியிருந்தார்கள். ஆனால் பிளெஷெட் முகம் தெரிவதற்கு முன்பே, அந்தப் படுக்கையறையை அடையாளம் கண்டுகொண்டு ஸ்டுடியோவில் கைதட்டல் எழுந்துவிட்டது.

இந்த முடிவு யார் யோசனை என்றால், தன் மனைவி ஜின்னியின் யோசனை என்று நியூஹார்ட் சொல்லியிருக்கிறார். நகைச்சுவைக் கலைஞர் பட்டி ஹாக்கெட் அறிமுகப்படுத்தி வைக்க, 1963 ஜனவரியில் திருமணம். நான்கு பிள்ளைகள். 2023 ஏப்ரலில் ஜின்னி இறக்கும்வரை அறுபது வருஷம். ஹாலிவுட் காமெடியன்களின் வாழ்க்கைக் கதைகளில் வழக்கமாக வரும் போதை, விவாகரத்து, வீழ்ச்சி எதுவும் இவர் கதையில் இல்லை. அதனால் இவரைப் பற்றி எழுதுபவர்கள் கொஞ்சம் ஏமாந்துபோகிறார்கள். எனக்கு அப்படி ஏமாற்றம் இல்லை. உற்ற நண்பர் டான் ரிக்கில்ஸ், எதிரில் இருப்பவரை வாய்க்கு வந்தபடி வசைபாடிச் சிரிக்கவைத்தவர். இரண்டு குடும்பங்களும் சேர்ந்தே ஊர் ஊராகப் பயணம் போயிருக்கின்றன. பேசிக்கொண்டே இருப்பவரும் கேட்டுக்கொண்டே இருப்பவரும்.

தொண்ணூறுகளில் வந்த இன்னும் இரண்டு தொடர்கள் நிலைக்கவில்லை. 2002இல் அமெரிக்க நகைச்சுவைக்கான மார்க் ட்வைன் பரிசு. ஆனால் நடிகராக அவருக்கு அதுவரை ஒரு எம்மி கூட இல்லை. பல தடவை பரிந்துரைக்கப்பட்டு, ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். 'தி பிக் பேங் தியரி'க்குக் கூப்பிட்டபோது, பார்வையாளர்கள் முன்னிலையில்தான் நடிப்பேன் என்றார். எண்பத்து மூன்று வயதில். சிரிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கேட்டால்தானே அடுத்த வரிக்கு எவ்வளவு காத்திருப்பது என்று தெரியும். அந்தப் பாத்திரத்துக்காக 2013 செப்டம்பரில் முதல் எம்மி கிடைத்தது. அதற்குள் 84 நிறைந்திருந்தது. சில நாள் கழித்து எம்மியின் முக்கிய விழா மேடையில், அந்தத் தொடரின் நாயகன் ஜிம் பார்சன்ஸோடு அவர் வந்து நின்றபோது அரங்கம் எழுந்து நின்றது. அந்தக் காட்சியில் அவர் கைதட்டலுக்கு நடுவே பேச முயலவே இல்லை. அது அடங்கும்வரை நிற்கிறார்.

அப்பாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். வேகமான ஆங்கிலம் பிடிபடாது. போன மாதம் ஒரு மாலையில், அந்த டிரைவிங் வாத்தியாரை நானே தமிழில் செய்து காட்டினேன். எதிர்நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்சம் சத்தமாக. "ஆடம்ஸ் குதிச்சப்போ என்ன வேகத்துலம்மா போனீங்க?" நிறுத்தினேன். "எழுபத்தஞ்சா." அப்பா முன்னால் குனிந்தார். "அது எந்த இடத்துலம்மா?" மறுபடி நிறுத்தினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "வீட்டுக்குள்ளயேவா?" என்று கேட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்க ஆரம்பித்தார். உள்ளேயிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஃபோன்ல யாரு?" என்றாள்.